ஏழு முழக் கயிறு

கம்பஸ் ஆக்கள் அச்சடித்த புத்தகத்தில், பதினாலாம் பக்கத்தில் பெற்றிசியா நிற்கிறாள். நல்ல பளபளப்பான தாள். அவளுக்குப் பின்னால் நீலத் தண்ணீர்த் தாங்கி, பக்கத்தில் வெள்ளிப் பைப், இடுப்பில் குடம். படத்தின் கீழே இரண்டே சொல்: 'மகிழ்ச்சியில் பயனாளி.'

மகிழ்ச்சியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பங்குனி மாதத்து வெயில் நேரே முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கினாள், பல்லுத் தெரிந்தது. அதைச் சிரிப்பென்று போட்டுவிட்டார்கள். அதுகூடப் போகட்டும். பயனாளியாம்! அந்தக் கிணற்றுக்குள் இறங்கித் தோண்டியவள் அவள். தோண்டியவளே பயனாளி என்றால் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தது யார்?

அது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. முதலில் கம்பஸின் சின்னம். அதற்குப் பக்கத்தில் வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் சங்கத்தின் சின்னம். மூன்றாவதாக, ஒன்றையொன்று பிடித்திருக்கிற இரண்டு கை. அந்தக் கைதான் ஊராம். மற்ற இரண்டு பகுதிக்கும் பெயர் இருக்கிறது, ஊருக்குப் பெயரில்லை.

பெற்றிசியா யாரென்றும் புத்தகம் சொல்லவில்லை. அதனால் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குப் போகிற வீதியில், பனங்கூடலுக்கும் கடலுக்கும் இடையில் அந்தோனியார் குடியிருப்பு இருக்கிறது. அறுபது வீடு, ஒரு கோயில். பெற்றிசியா அங்கே பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு, பதினேழு வயதில், யுத்தத்துக்குத் தப்பி, உடுத்த உடுப்போடு வள்ளமேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனாள். மண்டபம் முகாமில் இருபது வருசம். அங்கே நாளுக்கு ஒருதரம் பைப்பில் தண்ணீர் வரும், இருநூறு குடம் வரிசையில் நிற்கும். அவளுடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. யுத்தத்தில் வந்த காயமென்று காண்கிறவர்கள் நினைப்பார்கள். பக்கத்து வரிசைக்காரியின் குடம் பட்ட காயம் அது. புருசன் பஸ்ரியனை அவள் முதல்முதல் கண்டதும் அந்த வரிசையில்தான். தன் குடத்தைப் பின்னுக்கு இழுத்து அவளை முன்னுக்கு விட்டான்.

"அண்டைக்கு விட்டவர்தான். அதுக்குப் பிறகு ஒரு இடத்திலயும் விட்டதில்லை" என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் உடைமரம் நின்றது. பழைய கிணறு தூர்ந்து ஆடு நிற்கிற பள்ளமாகியிருந்தது. கடற்கரையோரத்து ஊர் என்றபடியால் எங்கே தோண்டினாலும் உப்பு. வந்த முப்பது குடும்பமும் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்தது. அப்போது பெற்றிசியாதான் காணி காணியாக நடந்து, கையால் மண்ணைத் தோண்டி, ஈரமண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு கிழமை இப்படித் திரிந்தாள். கிறுக்குப் பிடித்துவிட்டதென்று ஊர் சொன்னது. பனங்கூடலின் தெற்கு மூலையில், இரண்டு மணல் மேட்டுக்கு நடுவில், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இஞ்சதான்" என்றாள்.

ஆள் ஒல்லி என்பதால் உள்ளே இறங்கியதும் அவள்தான். நாலு சீமெந்து வளையம் இறங்கியபோது தண்ணீர் கசிந்தது. உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். தேன். மேலே நின்ற ஆம்பிளைகளுக்கு ஆசை பிடித்துவிட்டது.

"இன்னுமொரு வளையம் இறக்குவம். தண்ணி கூட வரும்."

"வரும். உப்பா வரும்" என்றாள் கீழேயிருந்து. "நல்ல தண்ணி மேலதான் கிடக்கும், காய்ச்சின பாலில ஆடை கிடக்கிறமாதிரி. கீழ போனால் கடல்."

"ஏறும், பெற்றிசியா. நாங்கள் பாக்கிறம்."

"நான் ஏறமாட்டன். வளையம் இறக்கிறதெண்டால் என்ர தலையில இறக்குங்கோ."

"இறக்குங்கோடாப்பா" என்றான் பஸ்ரியன். "எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக் கிடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மத்தியானம்வரை முழங்கால் தண்ணீரில் நின்றாள். கடைசியில் ஐந்தாவது வளையத்தை உருட்டிக்கொண்டு போய்க் கோயில் பூமரத்தைச் சுற்றி வைத்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

கிணறு கிடைத்த பிறகு அதைக் காப்பாற்றவும் ஒரு வழி வேண்டியிருந்தது. ஆனி மாதம் அந்தோனியார் திருநாள் வரும். கொடியேற்றத்துக்குக் கோயில் புதுக் கயிறு வாங்கும்போது கிணற்றுக்கும் சேர்த்து வாங்குவார்கள். பங்குச் சுவாமி இரண்டு கயிற்றுக்கும் ஒன்றாகவே தீர்த்தம் தெளிப்பார். பிறகு பெற்றிசியா தன் முழங்கையால் ஏழு முழம் அளப்பாள், மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். ஒரு நுனி கிணற்றுக்கட்டில் பதித்த இரும்பு வளையத்தில் முடிச்சு, மற்ற நுனி வாளியில் முடிச்சு. ஏழு முழக் கயிற்றுக்கு வாளி மேல்தண்ணீரைத்தான் தொடும். வைகாசி தொடங்கி ஆவணிவரை உச்சிவெயிலில் ஓலைத்தட்டியால் கிணற்றை மூடி நாலு மணிவரை ஊறவிடுவார்கள். வாளி எட்டவில்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். காவலாள் வேண்டாம், கூட்டம் போட்டுத் தீர்மானம் வேண்டாம். கயிறு பார்த்துக்கொண்டது. பன்னிரண்டு வருசம் பார்த்துக்கொண்டது.

பிறகு ஒரு மார்கழியில் வெள்ளை வான் வந்தது.

நகரத்துப் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார்கள், ஊருக்கு அது கம்பஸ். நிலக்சன் என்றொரு விரிவுரையாளர், கண்ணாடி போட்ட, பணிவான மனிசன். பதினைந்து மாணவர்கள். மன்னார் ரவுணில் மேசை கதிரையோடு கந்தோர் போட்டு இந்த வேலையைப் பார்க்கிறதற்கென்று டிலோஜினி என்ற பிள்ளை. நல்ல பிள்ளைகள், அதை மறைத்துச் சொன்னால் பாவம். கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள், குழம்பு உறைத்துக் கண்ணால் தண்ணீர் ஓட ஓட இன்னும் கேட்டுச் சாப்பிட்டார்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஊர் அவர்களைத் தலையில் வைத்துக்கொண்டது.

மாதர் சங்கத் தலைவி என்று நிலக்சன் பெற்றிசியாவை முன் கதிரையில் இருத்தி விளக்கினார். "கம்பஸ் அறிவைத் தரும், அக்கா. எங்கட பழைய மாணவர் ஒருத்தர், வெளிநாட்டில இருக்கிறவர், உதவி தாறார். ஊர் பங்களிப்புத் தரவேணும். மூண்டு கால் இருந்தால்தான் முக்காலி நிக்கும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு றஞ்சிதா, கருவாடு காயப்போடுகிறவள், வாய்க்குப் பூட்டில்லாதவள், திரும்பிப் போகும்போது கேட்டாள்: "முக்காலியில குந்தப் போறது ஆரெண்டு கேட்டனியோடி?"

பெற்றிசியா கேட்கவில்லை. கேட்காததோடு நின்றாளா? வந்த விருந்தாளிகளைத் தானே கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தானே அள்ளி ஒவ்வொருவருக்கும் குடிக்கக் கொடுத்தாள். கயிற்றின் கதையைச் சொன்னாள். மதுஷிகா என்ற மாணவி கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

"இது ஆரின்ர கிணறு, அன்ரி?"

"ஒருத்தற்றையும் இல்லை, பிள்ளை. வாற போற ஆரும் அள்ளலாம்." பெருமையாகச் சொன்னாள். அந்தக் கரையில் நல்ல தண்ணீரை என்னுடையதென்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அது வெட்கக்கேடு. ஆனால் கம்பஸ் கொப்பியில் அது வேறு விதமாய் ஏறியது. உரிமையாளர் இல்லாத கிணறு என்று எழுதினார்கள். உரிமையாளர் இல்லையென்றால் யாரைக் கேட்க வேண்டும்? ஒருவரையும் கேட்கத் தேவையில்லை.

தை மாதம் மெஷின் கொண்டுவந்து தண்ணீரை அளந்தார்கள். மாரி பெய்து ஓய்ந்த கையோடு, குளம் குட்டையெல்லாம் நிரம்பியிருக்கும்போது! தங்களுடைய விடுமுறை அப்போதுதான் வருகிறதென்று அப்போது அளந்தார்கள். கோடையில் அவர்களுக்குப் பரீட்சை. மாசியில் ஆட்கள் வந்து கிணற்றை ஆழமாக்கி இரண்டு வளையம் இறக்கத் தொடங்கினார்கள். பெற்றிசியா ஓடிப்போனாள்.

"சேர், ஆழமாக்க வேண்டாம். கீழ உப்பு."

"பயப்பிடாதேங்கோ அக்கா, நாங்கள் அளந்து பாத்திட்டம். தண்ணி தாராளமாக் கிடக்கு."

"ஆடியில வந்து அளந்தனீங்களோ?"

அவர் சிரித்தார். சின்னப்பிள்ளைக் கேள்விக்குச் சிரிக்கிற சிரிப்பு. "அதுக்கெல்லாம் கணக்கு இருக்கு, அக்கா."

முன்பு கிணற்றுக்குள் நின்று மறித்தவள் இந்தமுறை ஏன் மறிக்கவில்லை? விருந்தாளிகள். படித்த பிள்ளைகள். தன் வீட்டில் சாப்பிட்டவர்களோடு மல்லுக்கு நிற்கக் கூச்சப்பட்டாள். அந்தக் கூச்சத்தை இன்றுவரை அவள் தனக்கு மன்னிக்கவில்லை.

கிணற்றின் வாயைக் கொங்கிறீற் மூடியால் மூடி, மனிசர் பார்க்க ஒரு சின்னக் கதவு விட்டார்கள். கயிற்றைக் கழற்றி எறிந்தார்கள். பெற்றிசியா அதைப் பொறுக்கிக்கொண்டு போய் அலுமாரிக்கு மேல் வைத்தாள். மோட்டர் அறை கட்டிப் பூட்டுப் போட்டார்கள். உள்ளே ஒரு பெட்டி; காலையும் மாலையும் தானாக மோட்டரை ஓடவைக்கும், தாங்கி நிரம்பி வழிந்தாலும் நிற்காது. அந்தப் பூட்டின் சாவி, திறப்பு, டிலோஜினியின் கந்தோரில். தாங்கியில் பெரிய பலகை: 'பரமேஸ்வரி ஞாபகார்த்தக் குடிநீர்த் திட்டம்.' உதவி செய்தவரின் தாயாரின் பெயர்.

இரண்டு மாதம் நல்ல தண்ணீர் வந்தது. வீடு வீடாகப் பைப்பென்று எல்லோரும் மகிழ்ந்தார்கள், பெற்றிசியாவும்தான். தான் பிழையாக நினைத்துவிட்டேனோ என்றுகூட யோசித்தாள். வைகாசி பிறந்தது. முதலில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. பிறகு றஞ்சிதாவின் மிளகாய்க் கன்று நுனி கருகியது. ஒரு காலை பஸ்ரியன் மீன்பிடித்துக் கடலால் வந்து தேத்தண்ணீரை வாயில் வைத்துவிட்டு முற்றத்தில் துப்பினான்.

"என்னப்பா, கடலைக் காய்ச்சித் தந்திருக்கிறீர்?"

கோப்பைக்குள் பால் திரைந்து துகள் துகளாக மிதந்தது.

அன்றைக்கே பெற்றிசியா டிலோஜினிக்குப் போன் எடுத்தாள். மாதிரி எடுத்து அனுப்புகிறோம் என்றாள் அந்தப் பிள்ளை. அடுத்த கிழமை எடுத்தாள். அனுப்பியாயிற்று, பதில் வரவேண்டும். அதற்கடுத்த கிழமை அந்தப் பக்கம் போனைத் தூக்கவில்லை. மோட்டர் மட்டும் காலையும் மாலையும் தவறாமல் ஓடியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கீழேயிருந்து கடல் ஒரு விரற்கடை மேலே வருகிறதென்று பெற்றிசியாவுக்குத் தெரியும். இப்போது நிறுத்தினால் மாரி வந்து கிணற்றைத் தேற்றும். ஆவணிவரை விட்டால் எத்தனை மாரி வந்தாலும் தேறாது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், அந்த அறையின் திறப்பு.

பஸ் ஏறி மன்னாருக்குப் போனாள். கந்தோரில் குளிர்காற்றுப் பெட்டி ஓடியது. இரண்டு மணித்தியாலம் காத்திருந்தாள். மேசையில் கிடந்த அறிக்கையைச் சும்மா புரட்டினாள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள்தான், ஆனால் ஒரு பக்கத்தில் கண் நின்றுவிட்டது. 'மரபு நம்பிக்கைகள்' என்று தலைப்பு. கண்ணூறு கழிப்பது, பல்லி சொல்வது, அதற்குக் கீழே: 'கிணற்றுக் கயிறு ஏழு முழத்துக்கு மேல் இருக்கக்கூடாது என மூத்தோர் நம்புகின்றனர்.'

காது சூடாகியது அவளுக்கு. நாக்கால் மண்ணை நக்கி நக்கிக் கண்டுபிடித்தது நம்பிக்கை! தை மாதத்தில் மெஷினை நனைத்துவிட்டுப் போனது அறிவு!

"பிள்ளை, இதை ஆர் எழுதினது?"

டிலோஜினி எட்டிப் பார்த்தாள். "அது... சமூகவியல் பகுதி அக்கா."

"பல்லிக்குப் பக்கத்தில என்னைப் போட்டிருக்கிறியள். சரி. மோட்டரை நிப்பாட்டுங்கோ. திறப்பைத் தாங்கோ."

"கையளிப்பு முடியாமல் தரேலாது அக்கா. ஆடியில கொடையாளர் வாறார். விழாவில திறப்பை உங்கட கையிலதான் தருவினம்."

"ஆடிக்கு இன்னும் ஆறு கிழமை கிடக்கு. அதுக்கிடையில கிணறு செத்திடும்."

"நான் சேருக்குச் சொல்லுறன் அக்கா. பிறகு சொல்லுறன்."

ஆறு கிழமையாக அந்தப் 'பிறகு' வரவில்லை. அந்த ஆனியில் கோயில் கொடிக்கயிறு மட்டும் வாங்கியது. பெற்றிசியாவின் முழங்கைக்கு வேலையில்லை.

விழாவுக்கு முதல்நாள் மத்தியானம், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு பவுசர், தண்ணீர் லொறி, வந்தது. மோட்டரிலிருந்து வருகிற பைப்பைத் தாங்கியிலிருந்து கழற்றி வெளியே திருப்பி, தாங்கியிலிருந்த உப்புத்தண்ணீரை மணலில் திறந்துவிட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீரை அதற்குள் நிரப்பினார்கள். பெற்றிசியா வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றாள். டிலோஜினி பக்கத்தில் வந்தாள். அந்தப் பிள்ளைக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு நாளைக்குத்தானே அக்கா. வயசுபோன மனிசன், அம்மாவின்ர பேரில செய்யிறார். சந்தோசமாப் போகட்டும்." ஒரு தாளை நீட்டினாள். "இது உங்கட நன்றியுரை. தேத்தண்ணியும் சிற்றுண்டியும் மாதர் சங்கம் பாத்துக்கொள்ளும் எண்டு சேர் சொன்னவர்."

"தேத்தண்ணியோ?" என்றாள் பெற்றிசியா. தாளை மடித்தாள். "ஓம். அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

விடிந்ததும் அலுமாரிக்கு மேலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கொங்கிறீற் மூடியின் சின்னக் கதவைத் திறந்து, வாளியைக் கட்டி, கயிற்றைப் பழைய இரும்பு வளையத்தில் முடிந்து இறக்கினாள். கயிறு முடிந்துவிட்டது. வாளி தண்ணீரைத் தொடவில்லை. கீழே இருட்டுக்குள் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருசத்தில், எந்த வரட்சியிலும், விடியற்காலையில் அந்தக் கயிறு எட்டாமல் விட்டதில்லை. கிணற்றுக்கட்டில் குந்திவிட்டாள். றஞ்சிதா வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குக்கூட நக்கல் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் கொடிக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தாள்.

"எத்தினை முழம் வேணும்?"

மூன்று முழம் வேண்டியிருந்தது. ஒட்டுப்போட்டு அள்ளினார்கள். அந்தத் தண்ணீரையே தேத்தண்ணீருக்குக் கேத்தில் நிறைய வைத்துக் கொதிக்கவிட்டார்கள்.

பத்து மணிக்கு வாகனங்கள் வந்தன. இராசேந்திரம் என்ற அந்தப் பெரியவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேட்டு, தோளில் சால்வை. இளமையில் அந்தக் கம்பஸில் படித்து இஞ்சினியராகி வெளிநாடு போனவர். ஒரு ஆடம்பரமுமில்லை அந்த மனிசனிடம். பலகையில் தாயாரின் பெயரைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். பைப்பைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். கண்ணைத் துடைத்தார்.

"அம்மா குமரா இருக்கேக்க மூண்டு மைல் நடந்து தண்ணி சுமந்தவ" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பவுசர் தண்ணீருக்கு! பெற்றிசியாவுக்கு அந்த மனிசனைப் பார்க்கப் பாவமாயிருந்தது. பாவம் கூடக்கூடக் கோபமும் கூடியது.

நிலக்சன் முக்காலியைப் பற்றிப் பேசினார். பிறகு நன்றியுரைக்குப் பெற்றிசியாவைக் கூப்பிட்டார். ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள். வெற்றிலைத் தட்டில், சிவப்பு நாடா கட்டிய திறப்பு மேசையில் இருந்தது.

"கதைக்க முதல் ஐயாவுக்குத் தேத்தண்ணி குடுக்கவேணும்" என்றாள். "வந்தவைக்குத் தொண்டை நனைக்காமல் நாங்கள் கதைக்கிறதில்லை."

றஞ்சிதா தட்டோடு வந்தாள். பெரியவருக்கு முதல் கோப்பை, நிலக்சனுக்கு இரண்டாவது. நிலக்சன் வாயில் வைத்ததும் முகம் மாறியது, கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டார். பெரியவர் குடித்தார். ஒருதரம் நிறுத்தினார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை குடித்தார். கோப்பையின் அடியில் பால் திரைந்து ஒட்டியிருந்தது.

"நல்லது, தங்கச்சி. நல்ல தேத்தண்ணி."

"அப்ப இன்னொண்டு தாறன், ஐயா."

இரண்டாவது கோப்பையை நீட்டினாள். அவர் அதை வாங்கினார், குடிக்கவில்லை. அவளுடைய முகத்தையே பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன போட்டனீங்கள், தங்கச்சி?"

"தேயிலை. சீனி. பால்மா. உங்கட அம்மாவின்ர பேரில ஓடுற தண்ணி."

நிலக்சன் எழும்பிவிட்டார். "சேர், இதில ஏதோ பிழை நடந்திருக்கு. பைப் தண்ணி நீங்களே குடிச்சுப் பாத்தனீங்கள்..."

"பைப்பில வந்தது நேற்றுப் பவுசரில ஏத்தின தண்ணி. இது கிணத்துத் தண்ணி. விடிய நானும் றஞ்சிதாவும் அள்ளினது." பெற்றிசியாவின் குரல் ஒலிவாங்கியில் கோயில்வரை கேட்டது. "ஐயா, எங்களுக்கு நல்ல தண்ணி இருந்தது. நீங்கள் தாறதுக்கு முதலே இருந்தது. அதை ஆழமாக்க வேண்டாமெண்டு சொன்னன். மோட்டரை நிப்பாட்டச் சொன்னன். நீங்கள் வருமட்டும் திறப்புத் தரேலாதெண்டினம்."

கயிற்றைக் கொண்டுவந்து அவருடைய கதிரைக்கு முன்னால் மணலில் நீட்டிப் போட்டாள். "இவ்வளவும் எங்கட கயிறு. இதிலயிருந்து அங்கால நேற்றுவரைக்கும் கருவாடு தொங்கின கயிறு."

பெரியவர் குனிந்து ஒட்டுப்போட்ட இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். என்ன இருந்தாலும் இஞ்சினியர்.

"நிலக்சன், எப்ப அளந்தனீங்கள்?"

"தையில, சேர்."

"தையிலயோ?" என்று அவர் திரும்பவும் கயிற்றைப் பார்த்தார்.

"சேர், இப்ப நிகழ்ச்சியை முடிச்சிட்டு இதைப் பிறகு விரிவாக் கதைப்பம்" என்றார் நிலக்சன். தணிந்த குரல், பழைய பணிவு.

"பிறகு இல்லை!" என்றாள் பெற்றிசியா.

தட்டிலிருந்த திறப்பை எடுத்தாள். படம் எடுக்கிற பொடியன்கள் தயாராகுமுன் நாலு எட்டில் மோட்டர் அறைக்குப் போய்விட்டாள். பூட்டைத் திறந்தாள், சுவிச்சை இழுத்து விட்டாள். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. அவ்வளவு நாளும் காதுக்குள் கிடந்த சத்தம் அது. நின்ற பிறகுதான் கடலிரைவது எல்லோருக்கும் கேட்டது. அறையைத் திரும்பப் பூட்டினாள்.

டிலோஜினி ஓடிவந்து காதுக்குள் சொன்னாள்: "அக்கா, படம் எடுத்தாப்பிறகு திறப்பைத் திருப்பித் தரவேணும். இன்னும் கையளிப்புக் கடிதம் முடியேல்லை."

"ஆரும் சொந்தக்காரர் இல்லையெண்டு எழுதிக்கொண்டு போனனீங்கள்தானே, பிள்ளை? அப்ப ஆரிட்டயும் திருப்பிக் குடுக்கத் தேவையில்லை." சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

சனம் கைதட்டவில்லை. றஞ்சிதா மட்டும் மிச்சத் தேத்தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டு, "சிற்றுண்டி நல்ல தண்ணியில செய்தது, சாப்பிடுங்கோ" என்றாள்.

பெரியவர் போகுமுன் பெற்றிசியாவிடம் வந்தார். மன்னிப்புக் கேட்டாரா என்றால், வாய் திறந்து கேட்கவில்லை. தன் சால்வையை எடுத்துப் பலகையின் மேல் கட்டச் சொன்னார். "தண்ணி நல்லாகுமட்டும் அம்மாவின்ர பேர் வெளியில தெரியக்கூடாது." அந்தச் சால்வை மழையில் நனைந்து, காற்றில் கிழிந்து, இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது.

ஆவணி, புரட்டாதி முழுவதும் ஊர் பழையபடி இரண்டு மைல் நடந்தது. பெற்றிசியாவைத் திட்டிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. உப்பென்றாலும் பைப்பில் குளிக்கவாவது வந்ததே என்றார்கள். பெற்றிசியா கொங்கிறீற் மூடியை உடைப்பித்தாள். புதுக் கயிறு வாங்கி ஏழு முழம் அளந்து கட்டினாள். அது தண்ணீரைத் தொடாதென்று தெரிந்தே கட்டினாள்.

"எட்டாத கயிறு என்னத்துக்கடி?" என்றாள் றஞ்சிதா. "இன்னும் மூண்டு முழம் விட்டால்தான் என்ன?"

"நான் கீழ போகமாட்டன். அது மேல வரட்டும்."

ஒவ்வொரு விடியலும் வாளியை இறக்கிப் பார்த்தாள். வெறும் வாளி ஏறியது. ஐப்பசி மழை கொட்டியது, கார்த்திகையும் கொட்டியது. ஒரு காலை வாளி கனத்தது. கால்வாளித் தண்ணீர். ஏந்திக் குடித்துப் பார்த்தாள், இன்னும் உப்பு. முந்தியளவு இல்லை, ஆனால் உப்பு.

தை மாதம் அந்தப் பளபளப்புப் புத்தகம் தபாலில் வந்தது. விழாவில் நடந்த எதுவும் அதில் இல்லை. அறுபது குடும்பம் பயனடைந்ததாம். பஸ்ரியன் படத்தைப் பார்த்து, "வடிவாத்தான் நிக்கிறீர்" என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து டிலோஜினி போன் எடுத்தாள்.

"அக்கா, இராசேந்திரம் ஐயா தண்ணியைப் பற்றி நேரடியாக் கேட்டு எழுதியிருக்கிறார். இப்ப நல்லாயிருக்கெண்டு எழுதட்டோ? கொஞ்சம் தேறியிருக்கெண்டு றஞ்சிதாக்கா சொன்னவ."

பெற்றிசியா கிணற்றடியில்தான் நின்றாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாளியை இழுத்தாள். இந்தமுறை அரைவாளி. ஒரு மிடறு குடித்து, வாயில் வைத்திருந்து, விழுங்கினாள்.

"எழுது, பிள்ளை. தையிலயும் உப்பு எண்டு எழுது. ஆடியில வந்து அளக்கச் சொல்லியும் எழுது. மெஷின் தேவையில்லை. கயிறு இஞ்ச கிடக்கு."

"சேர் இதைப் போட விடுவாரோ தெரியேல்லை, அக்கா."

"அப்ப இப்பவே எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டு. நான் லைனிலதான் நிக்கிறன்."

அந்தப் பக்கத்தில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பெற்றிசியா கிணற்றுக்கட்டில் குந்தி, காதில் போனோடு, அது முடியுமட்டும் காத்திருந்தாள்.